அம்மா இல்லாத ஊருக்கு எப்படிப் போவது?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். வயது 47. ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. பிறந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம். கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் காலேஜ் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார். அம்மா 2022-ல் போனார்கள். அண்ணன் ஊரிலேயே வயலும் உரக்கடையுமாக இருக்கிறான். தங்கை திருப்பூரில், தம்பி பெங்களூரில்.

வருகிற பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் நாலு பேரும் குடும்பத்தோடு ஊரில் கூட வேண்டும் என்கிறான் அண்ணன். எங்கள் பக்கத்து ஆட்கள் எந்த ஊரில் பிழைத்தாலும் அன்றைக்கு அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். கட்டிக்கொடுத்த பிறகு எனக்குப் புகுந்த வீட்டு சாஸ்தாதான். இருந்தாலும், "அம்மா போனபிறகு நாம நாலு பேரும் ஒண்ணா நிக்கவே இல்ல. இந்த வருஷம் பொம்பளப் பிள்ளைகளும் வந்து நம்ம சாஸ்தாவுக்குப் பொங்கல் விடணும்" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான். கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே இவரிடம் லீவுக்குச் சொல்லி வைக்கச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தனியாக ஒரு மெசேஜ். "வரும்போது ஒரிஜினல் ஆதார், பான் கார்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ரெண்டு கொண்டு வா. ஒரு சின்ன வேலை இருக்கு." தங்கைக்கும் அதே மெசேஜ் போயிருக்கிறது. தம்பிக்குப் போகவில்லை. மதினியின் அண்ணன் பத்திர எழுத்தர். வீட்டில் எங்கள் இரண்டு பேர் பாகத்தையும் விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் எழுதி வைத்துவிட்டார்கள், உத்திரத்துக்கு மறுநாள் பதிவு செய்வதாகத் திட்டம் என்று தங்கை விசாரித்துச் சொல்கிறாள். இப்போது தினமும் ராத்திரி நானும் அவளும் இதைத்தான் பேசுகிறோம். பேசி முடித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அது அப்பா கட்டின வீடு. எனக்கு அந்தப் பணம் வேண்டாம். கேட்டிருந்தால் சும்மாவே எழுதிக் கொடுத்திருப்பேன். சாமி கும்பிடக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக் கையெழுத்து வாங்க நினைக்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வாயைத் திறந்து கேட்டால் "பம்பாய்க்காரிக்கு ஆசை வந்துட்டு" என்று மதினி சொல்வாள். போன தடவை ஊருக்குப் போனபோது பாத்திரம் பங்கு வைக்கையில் அப்படித்தான் சொன்னாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அம்மா போனது ஒரு வியாழக்கிழமை ராத்திரி. மறுநாள் மதியம்தான் மதுரைக்கு விமானம் கிடைத்தது. நாலு மணிக்கு இறங்கி, கார் பிடித்து, "வந்துக்கிட்டே இருக்கேன், வந்துக்கிட்டே இருக்கேன்" என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் போன் போட்டேன். கயத்தாறு தாண்டும்போது தங்கை கூப்பிட்டாள். "எடுத்துட்டாங்கக்கா" என்றாள். இன்னும் ஒன்றரை மணி நேரம். ஊரே கூடியிருந்து ஒருத்தருக்குக்கூட, அவள் வரட்டும் என்று சொல்லத் தோன்றவில்லையா? அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். இதை நான் அவனிடம் இதுவரை கேட்டதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அம்மா படத்தைப் பெரிசாகப் போட்டுச் சட்டம் கட்டி, பார்சலில் அனுப்பி வைத்தான். பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளும் வர மறுக்கிறார்கள். மகளுக்கு 19 வயது. அங்கே போனால் எல்லோரும் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள் என்கிறாள். மகனுக்கு 14. தமிழ் புரியும், பதில் இந்தியில்தான் வரும். போன தடவை அண்ணன் பிள்ளைகள் அவனை "இந்திக்காரன்" என்றே கூப்பிட்டார்கள். இவரோ, "உன் வீட்டு விஷயம், நீ என்ன சொன்னாலும் சரி" என்று ஒதுங்கிக்கொள்கிறார்.

நான் போகவா, வேண்டாமா? போனால் எதைக் கேட்பது, எதை விழுங்குவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
மும்பை

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். கட்டாயம் போங்கள். ஆனால் இப்போது திட்டமிட்டிருக்கிறபடியே போனால், சாமி கும்பிடுவது, பத்திரம், அம்மாவின் சாவு என்று மூன்றையும் அந்த இரண்டு மூன்று நாளுக்குள் அடைக்க வேண்டியிருக்கும். அத்தனையையும் ஒரு பயணம் தாங்காது. அதனால் கிளம்புவதற்கு முன்பே சிலவற்றைப் பிரித்து வைத்துவிட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். வீடு எத்தனை சென்ட், என்ன விலை போகும் என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. ஆனால் தங்கையின் போன் வந்த இடத்தை ஊர்ப் பெயரோடு எழுதியிருக்கிறீர்கள். உங்களை அரிப்பது வீடு இல்லை. "என்னைக் கேட்காமல் முடித்துவிட்டார்கள்" என்று அந்த வெள்ளிக்கிழமை வந்த வேதனை இன்னும் ஆறவில்லை. அந்த ஆதார் கார்டு மெசேஜைப் படித்தபோது உங்கள் மனது அதை அதே செயலின் இரண்டாவது தடவையாக எடுத்துக்கொண்டது. அம்மாவையும் கேட்காமல் எடுத்தான், வீட்டையும் கேட்காமல் எடுக்கிறான் என்று. அண்ணன் மனதில் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் பத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நீங்கள் இருவரும் எங்கேயோ போய் முட்டிக்கொள்வீர்கள் என்று பயப்படுகிறேன்.

எனவே முதலில் அம்மா விஷயம்.

கடைசியாக முகம் பார்ப்பது நம் ஊரில் வெறும் சடங்கு அல்ல. வாய்க்கரிசி போடுவதும், காலைத் தொட்டுக் கும்பிடுவதும், விழுந்து அழுவதும், "போய்விட்டாள்" என்பதை மனதுக்கு ஒப்புக்கொள்ள வைக்கும் வேலையைச் செய்கின்றன. அது கிடைக்காதவர்களுக்குத் துக்கம் பாதியில் நின்றுவிடும். கொரோனா காலத்தில் இப்படி முகம் பார்க்க முடியாமல் போனவர்கள் ஏராளம். வருடங்கள் கழித்து வந்தும் நேற்று நடந்தது போலத்தான் பேசுவார்கள். பிரிக்காத அந்தப் பார்சலுக்கும் இதுவே காரணம். உங்களைப் பொறுத்தவரை அந்தப் படத்தை மாட்டுவது அம்மா இல்லை என்று கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

அண்ணனிடம் இதைப் பேச வேண்டுமா என்றால், பேச வேண்டும். எப்படி, எங்கே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் எனக்காகக் காத்திருக்கல?" என்று ஆரம்பித்தால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அண்ணே, அம்மா முகத்தைப் பார்க்காதது எனக்கு இன்னும் ஆறல. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லு, நான் கேக்கேன்." சொல்லிவிட்டு நிஜமாகவே கேளுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுநாள் சனி. "சனிப் பிணம் தனிப் போகாது" என்று நம்புகிற ஊரில், பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் நெருக்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். அது உண்மையானாலும் உங்கள் வலி குறையாது; அண்ணன் செய்தது சரியென்றும் ஆகிவிடாது. ஆனால் அவருக்குள்ளும் அன்றைய தினம் ஆறாமல் கிடக்கலாம். தாயாருக்குக் கொள்ளி வைத்த மகனிடம் அதற்குப் பிறகு யாரும் "நீ எப்படி இருக்க?" என்று கேட்பதில்லை, வரவு செலவுதான் கேட்பார்கள். சட்டம் போட்ட படத்தை மும்பைக்கு அனுப்பியவருக்கு எதையோ சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறது.

இந்தப் பேச்சு நீங்கள் இரண்டு பேரும் மட்டும் இருக்கும்போது நடக்கட்டும். கோயிலில் வேண்டாம், பந்தியில் வேண்டாம், மதினியோ தங்கையோ பக்கத்தில் இருக்கையில் வேண்டவே வேண்டாம். அம்மாவின் சாம்பலைக் கரைத்த படித்துறையைக் காட்டச் சொல்லி, காலையில் வெயில் ஏறுவதற்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிடக் கூட நடந்துகொண்டே பேசுவது சுலபம். இதை என்னிடம் வரும் குடும்பங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இனி, தினமும் ராத்திரி தங்கையோடு பேசுகிறீர்களே, அந்தப் பேச்சு. மரே போவன் என்று அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவர் இருந்தார், குடும்ப உறவுகளை ஆராய்ந்தவர். இரண்டு பேருக்கு நடுவே ஏறும் இறுக்கத்தை அவர்களால் தாங்க முடியாதபோது மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பார்கள். அப்போதைக்கு மூச்சு விட முடியும், ஆனால் சிக்கல் அப்படியே இருக்கும் என்றார். 1967-ல் ஒரு கருத்தரங்கில் தன் சொந்தக் குடும்பத்துக்குத் திரும்பிப் போய் அவர் செய்து பார்த்ததையே எடுத்துச் சொன்னார். அவர் சொன்ன வழி எளிமையானது, செய்வதுதான் கடினம்: கூட்டமாக இருக்கும்போது குடும்பத்தை மாற்றப் பார்க்காதே, ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உறவு வை, ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவதைக் குறை. உங்கள் வீட்டில் அண்ணனுக்கும் உங்களுக்கும் நடக்க வேண்டிய பேச்சு உங்களுக்கும் தங்கைக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறது. அங்கே மதினியும் அவர் அண்ணனும் கெட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். உங்கள் அண்ணன் மட்டும் ஒன்றும் தெரியாதவராகத் தப்பித்துவிடுகிறார். அந்த மெசேஜை அனுப்பியது அவர்தானே.

தங்கையோடு பேசுங்கள், ஆனால் அவருடைய பிள்ளைகள், அவருடைய உடம்பு, அவருடைய கவலை பற்றிப் பேசுங்கள். பத்திரத்தில் அவர் என்ன முடிவெடுப்பார் என்பது அவர் பாடு. வீட்டுப் பங்கு உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம், திருப்பூரில் குடும்பம் நடத்துகிறவருக்குத் தேவைப்படலாம். "நாங்க ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்துடுறோம்" என்று அவருக்கும் சேர்த்துப் பெருந்தன்மை காட்டிவிடாதீர்கள்.

பத்திரத்தைப் பற்றி நான் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பயணத்தில் கையெழுத்து வேண்டாம். வீடு அப்பா சம்பாதித்துக் கட்டி, அவர் பெயரிலேயே இருந்து, அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகன்களுக்கும் மகள்களுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்து என்றால் 2005-ல் வந்த திருத்தமும், 2020-ல் உச்ச நீதிமன்றம் அதற்குக் கொடுத்த விளக்கமும் இருக்கின்றன. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு உரிமை உண்டு, அதைக் கேட்பதற்குப் பெயர் ஆசை இல்லை. பதிவான விடுதலைப் பத்திரத்தை நினைத்தபடி திரும்பப் பெற முடியாது, நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். எனவே வரைவை முன்கூட்டியே வாங்கி, உங்களுக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் மும்பையிலிருந்தே எடுத்துப் பார்க்கலாம்.

எல்லாம் படித்து, யோசித்து, பிறகும் அண்ணனுக்கே கொடுக்க மனமிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் என்று நாலு பேர் முன்னால் சொல்லிக் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் அது அவருக்கு மரியாதை, உங்களுக்கும் நிறைவு. தெரியாத மாதிரி கையைப் பிடித்து வாங்கிய கையெழுத்தை வைத்துக்கொண்டு அவராலும் அந்த வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது.

ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்பு திறக்கும். அதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், எழுத்தில் குரல் தெரியாது. "அண்ணே, சாஸ்தாவுக்குக் குடும்பத்தோட வாரோம், எனக்கு ரொம்ப சந்தோஷம். பத்திர வேலை இந்தத் தடவை வேண்டாம். எழுதினதை அனுப்பி வை, படிச்சிட்டு நானே கூப்பிடுதேன்." இவ்வளவு போதும். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் வாக்குவாதமாகிவிடும். அவர் கோபப்பட்டால், "சரிண்ணே, நான் சொன்னதை யோசி" என்று வைத்துவிடுங்கள். முதல் கோபம் தணிய அவருக்கு நாள் வேண்டும், உங்களிடம் நாள் இருக்கிறது. உங்களைத் தங்கையாகத்தான் கூப்பிட்டாரா, கையெழுத்துக்காகக் கூப்பிட்டாரா என்பது அந்த போனுக்குப் பிறகு அவர் நடந்துகொள்வதில் தெரிந்துவிடும். எதுவாக இருந்தாலும் ஊரில் போய் இறங்கி நின்றுகொண்டு தெரிந்துகொள்வதைவிட வீட்டிலிருந்தே தெரிந்துகொள்வது மேல்.

மதினி "பம்பாய்க்காரி" என்றால்? பதில் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை. பாத்திரம் பங்கு வைத்தபோது அவர் சொன்னது புண்படுத்தும் பேச்சுதான், சந்தேகமே இல்லை. ஆனால் மாமியாரின் கடைசிக் காலத்தில் படுக்கை மாற்றியது யார் கை என்பதையும் ஒரு முறை நினைத்துப் பாருங்கள். அதற்காக அவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல உங்களுக்கு மனது வந்தால், அதை அடுப்படியில் தனியாகச் சொல்லுங்கள். வராவிட்டால் சும்மா இருங்கள். நடிக்க வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு உங்கள் மகனைப் பற்றித்தான் அதிகக் கவலை. பதினாலு வயதில் "இந்திக்காரன்" என்ற பெயர் லேசில் போகாது. "விளையாட்டுக்குச் சொன்னாங்கடா" என்று தேற்றாதீர்கள், அவனுக்கு வலித்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். தம்பி பிள்ளைகளும் வெளிமாநிலத்தில் வளர்கிறவர்கள்தான். இப்போதிருந்தே அவர்களோடு பேச வையுங்கள், ஊரில் இறங்கும்போது அவனுக்கென்று ஒரு கூட்டாளி இருப்பான். அவன் தமிழுக்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காதீர்கள். தாய்மாமனான அண்ணனிடம், "இவனைக் கூட்டிட்டுப் போயி ஆத்துல நீச்சல் பழக்கு" என்று ஒரு வேலையை ஒப்படையுங்கள். அண்ணனுக்கும் மருமகனுக்கும் நடுவே நீங்கள் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருக்க வேண்டாம், தண்ணீருக்குள் அவர்களே பேசிக்கொள்வார்கள். மகளுக்கு நீங்கள் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: கல்யாணப் பேச்சு வந்தால் அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை, "படிப்பு முடியட்டும் சித்தி, அவளே சொல்லுவா" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்வீர்கள் என்று. அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். அவள் அடுத்த தடவையும் உங்களோடு ஊருக்கு வருவது இதைப் பொறுத்திருக்கிறது.

இரண்டு ராத்திரி ரயிலில் வந்த உடம்போடு நேரே கூட்டத்துக்குள் நுழையாதீர்கள். திருநெல்வேலியில் ஒரு ராத்திரி தங்கித் தூங்கிவிட்டுப் போங்கள். பங்குனி வெயிலில், தண்ணீரும் நிழலும் கழிப்பறையும் சரியாக இல்லாத கோயில் மரத்தடியில், பசியோடு பிள்ளைகள் அழும்போது மூளும் சண்டைகளில் பாதிக்குக் காரணம் களைப்புதான். தனியாகத் தங்கினால் ஊரில் குறையாக நினைப்பார்கள் என்றால், இவருடைய சொந்தக்காரர் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லலாம். உங்கள் கணவரிடமும் ஒன்று கேளுங்கள். முடிவு சொல்ல வேண்டாம், ஆனால் நான் எழுந்து வெளியே போனால் கூட வந்து நிற்க வேண்டும் என்று. ஒதுங்கி நிற்கிறவர்கள் பலருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததுதான் சிக்கல், சொன்னால் செய்வார்கள்.

அண்ணன் அம்மாவைப் பற்றிப் பேச மறுத்துவிட்டால் என்ன செய்வது? மறுக்கலாம். எழுந்து போய்விடலாம். அப்போதும் படித்துறை அங்கேதான் இருக்கிறது. தம்பியைக் கூட்டிக்கொண்டு போய், அம்மாவுக்குச் சொல்ல நினைத்ததைச் சொல்லி, ஆற அமர அழுதுவிட்டு வாருங்கள். உங்கள் துக்கம் முடிவதற்கு அண்ணனின் சம்மதம் தேவையில்லை.

திரும்பி வந்த பிறகும் தூக்கம் சரியாகவில்லை, வேலையில் மனம் ஒட்டவில்லை, அம்மா நினைப்பு வந்தால் அன்றைய நாளே போய்விடுகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். வருடம் தாண்டியும் அன்றாட வாழ்க்கையை முடக்குகிற துக்கத்தை, மனநல மருத்துவர்கள் 2022 முதல் தனியாகச் சிகிச்சை தர வேண்டிய ஒன்றாகவே தங்கள் கையேட்டில் சேர்த்திருக்கிறார்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், மும்பையிலிருந்தும் தமிழிலேயே பேசலாம். அண்ணனுக்குப் போன் போடுவதற்கு முந்தின நாள் கை நடுங்கினால் அன்றைக்கே கூப்பிடுங்கள்.